எதிர்வீட்டுக்குப் போன பொருட்கள்

தண்ணித்தொட்டித் தெருவில் முதன்முதலாக வீட்டை விட்டுக் கிளம்பிப் போனது பாக்கியத்தம்மாள் வீட்டு வாரியல்தான். தேய்ந்து தேய்ந்து முழங்கை நீளத்துக்கு வந்துவிட்ட ஈர்க்கு வாரியல். பாவாடை நாடாவால் இறுக்கிக் கட்டி, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தாள். விடிகாலையில் வாசல் பெருக்க எழுந்தவள் அதைக் காணாமல் வீடெல்லாம் தேடி, மருமகளைத் திட்டி, பூனையைத் திட்டி, கடைசியில் தெருவுக்கு வந்து பார்த்தபோது, அது நாலு வீடு தள்ளி ராஜகனி வீட்டு வாசல்படியில், ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. கதவைத் தட்டினாள். பல் தேய்த்துக்கொண்டே வந்த ராஜகனி குனிந்து வாரியலைப் பார்த்தாள். வாயில் நுரையோடு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒங்க வாரியலா சித்தி? கொஞ்சம் இருங்க, வரஞ்சிட்டுத் தாரேன்.”

“வெரசா தாட்டி. தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் பாக்கியத்தம்மாள் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். வாரியல் எப்படி வந்தது என்று அவளும் கேட்கவில்லை, ராஜகனியும் கேட்கவில்லை.

மறுநாள் டீக்கடை சீனி அண்ணாச்சியின் பாய்லர் மூடி வந்தது. அதற்குப் பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன: கைப்பிடி போன இரும்புச் சட்டி, குக்கர் வெயிட்டு, ஜோடியைத் தொலைத்த ரப்பர் செருப்பு, தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும் மூக்கு நீண்ட குப்பி, ரேஷன் கடை மண்ணெண்ணெய்ப் புனல், நசுங்கிய பால் தூக்கு, சோற்றுப் பானைக்கு அடியில் கிடக்கும் பிரிமணை, கதவு ஆடாமல் இருக்க அண்டக் கொடுக்கும் கல். கல் வந்த அன்றைக்கு மட்டும் ஜனம் கொஞ்சம் நின்று பார்த்தது, அதற்குக் கால் கிடையாதே என்பதற்காக. பிறகு வாரியலுக்கு மட்டும் கால் இருக்கிறதா என்று யாரோ சொல்ல, சரிதான் என்று கலைந்துபோனார்கள். எந்தப் பொருளும் நடந்து போவதை யாரும் பார்த்ததில்லை. யாரும் பார்க்காத நேரத்தில்தான் அவை போயின. யாரும் பார்க்காத பொருள்கள்தான் போயின. டிவி போகவில்லை, கண்ணாடி போகவில்லை, சாமி படம் போகவில்லை, கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளிக் குத்துவிளக்கு ஒருநாளும் அலமாரியை விட்டு இறங்கவில்லை.

மஞ்சணத்திப்பட்டி மழையைத் தவிர எல்லாவற்றுக்கும் பழகிப்போன ஊர். இதற்கும் பழகிக்கொண்டது. காலையில் அடுப்பைப் பற்ற வைத்ததும் பெண்கள் வீட்டை ஒருமுறை கண்ணால் துழாவி, எது இல்லையோ அதைக் கேட்டுக்கொண்டு ராஜகனி வீட்டுக்கு வந்தார்கள். “கனி, எங்க வீட்டு அரிவாள்மணை இங்க வந்திருக்கா?” “கனி, எங்க ஐயா கைத்தடி வந்திருக்கா? மனுசன் கக்கூசுக்குப் போகணும்னு நிக்காரு.” அவள் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரைந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்தாள். படம் அவளிடம் இருந்தது, பொருள் வீட்டுக்குப் போனது. ஆனால் போனது பழைய பொருளாகப் போகவில்லை. பாக்கியத்தம்மாள் தன் வாரியலை இப்போது நடுவீட்டில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். பெருக்கும்போது அதன் குச்சிகள் ஒரே பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்து, “நான் வலப்பக்கம் சாஞ்சு பெருக்கியிருக்கேன்ட்டி, இத்தன வருசமா” என்று போவோர் வருவோரிடமெல்லாம் காட்டினாள்.

வீட்டுப் பொருள் போவது கௌரவமா கேவலமா என்று டீக்கடையில் பெரிய வழக்கு நடந்தது. மாமியார்கள் கேவலம் என்றார்கள். மருமகள் கவனிக்காமல் விட்டதால்தான் அது கண்ட வாசலில் போய் நிற்கிறது என்றார்கள். மருமகள்கள் கௌரவம் என்றார்கள். கீழத்தெருக்காரர்கள் தங்கள் தெருவிலிருந்து எதுவுமே போகவில்லை என்று கோபித்துக்கொண்டு, நல்ல நல்ல சாமான்களையெல்லாம் பரணில் தூக்கிப் போட்டு யாரும் அவற்றை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம், “எங்க வீட்ல இருந்து ஒரு உழக்கு போயிட்டு வந்திருக்கு” என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. பங்குனிப் பொங்கலுக்கு முந்தி கூடிய ஊர்க்கூட்டத்தில், பொருட்களைச் சங்கிலி போட்டுக் கட்டக் கூடாது, பொருளைக் கேட்டு வந்தவர்கள் படியில் காத்திருக்கும்போது சண்டை போடக் கூடாது, இந்த வருஷம் ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம், கனி வரைந்த படங்களைக் கோயில் பந்தலில் தொங்கவிடலாம் என்று முடிவானது. ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம் என்றதும் இளவட்டங்கள் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள்.

இதையெல்லாம் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து மாரீஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரீஸ்வரியும் ஓவியம் படித்தவள்தான். ராஜகனியும் அவளும் ஒரே வருஷம் ஒரே கல்லூரியில் சேர்ந்து, ஒரே ஹாஸ்டல் அறையில் ஒரே பக்கெட்டில் குளித்து, ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பியவர்கள். தங்கப் பதக்கம் வாங்கியவள் மாரீஸ்வரி. அவள் கடல் வரைந்தால் ஈரம் தெரியும் என்று வாத்தியார்கள் சொன்னார்கள். அவள் வரைந்த அருவி பஞ்சாயத்து ஆபீசில் மாட்டியிருந்தது. கடலையோ அருவியையோ நேரில் பார்க்காத ஊர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. ராஜகனியோ கல்லூரியில் எல்லோரும் மாடலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது மாடல் கழற்றிப் போட்ட செருப்பை வரைந்துகொண்டிருப்பாள். பாஸ் ஆனாள், அவ்வளவுதான். இப்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர்.

மாரீஸ்வரியின் அம்மா பொன்னுத்தாய் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைப்பவள். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது மாரீஸ்வரி ஒருத்திதான். வாரியல் போன முதல் வாரத்தில் பொன்னுத்தாய் சிரித்துக்கொண்டிருந்தாள். பாய்லர் மூடிக்குப் பிறகு யோசித்தாள். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டே, குற்றம் சொல்வதாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்:

“நீயும் அதே படிப்புதானட்டி படிச்ச?”

“ஆமா.”

“பெறகு ஏன் நம்ம வாசலுக்கு ஒண்ணும் வர மாட்டேங்கு?”

அன்றிலிருந்து மாரீஸ்வரி அம்மாவுக்கு முன்னால் எழுந்தாள். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கி, முதலில் தன் வாசல்படியைப் பார்ப்பாள். அதில் ஒன்றும் இருக்காது. பிறகு தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கி எதிர்வாசலைப் பார்ப்பாள். அதில் ஏதாவது நின்றுகொண்டிருக்கும். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு பொருள், ஒரு ஓட்டை வாளியாவது, உடைந்த சீப்பாவது, அவள் வாசலுக்குத் தானாக வந்து நிற்க வேண்டும். அதைத் தேடிக்கொண்டு ஒரு ஆள் வந்து, “மாரி, எங்க வீட்டுச் சீப்பு வந்திருக்கா” என்று தெருவே கேட்கும்படி கேட்க வேண்டும். அதை அம்மா கேட்க வேண்டும்.

பொறாமை இல்லாதவள்போல இருப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கனியின் படத்தை யாராவது எடுத்துப் பார்த்தால் முதல் ஆளாக அவள்தான் பாராட்டினாள். முதலில் பாராட்டிவிட்டால் மற்றவர்கள் பாராட்டுவதை நின்று கேட்க வேண்டியதில்லை. கோயில் பந்தலில் கனியின் படங்கள் ஆடியபோது, ஜனம் தங்கள் வீட்டுக் கரண்டியையும் சட்டியையும் படத்தில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது, மாரீஸ்வரி எல்லோருக்கும் கேட்கும்படி, “இந்த நெளிசல் விழுந்த இடத்துல வெளிச்சம் எப்படி விழுது பாருங்க” என்று விளக்கினாள். விளக்கும்போதே அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. படங்கள் மோசமாக இருந்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

பொங்கல் முடிந்த வாரம் மாரீஸ்வரி லீவு போட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் மதியம் வரைக்கும் நின்று பொறுக்கினாள். துருப்பிடித்த கிணற்று உருளை, மூக்கு ஒடிந்த கெண்டி, சைக்கிள் பெல்லின் மூடி, காது போன ஈயச் சட்டி, எதற்கென்றே தெரியாத ஒரு இரும்பு வளையம். சாக்கில் கட்டி, சேலைக்கடைப் பைக்குள் போட்டு, ஊருக்குக் கொண்டுவந்தாள். விடிவதற்கு முன் அவற்றைத் தன் வாசல்படியில் வைத்தாள். முதலில் வரிசையாக வைத்தாள். வரிசையாக இருப்பது சந்தேகமாகத் தெரிந்தது. பிறகு உருளையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, கெண்டியைத் தயங்கி நிற்பதுபோலப் பின்னால் திருப்பி, பெல் மூடியைப் படி ஏற முயன்று களைத்ததுபோலச் சாய்த்து வைத்தாள். உள்ளே போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பொன்னுத்தாய்தான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது.

“மாரி வீட்டுக்கும் வந்துட்டுல்லா!”

“இது யாரு வீட்டு உருளை? நம்ம ஊர்ல கெணறே இல்லயே.”

“வெளியூர்ச் சாமான் போல. பேரு அங்க வரைக்கும் போயிருக்கு.”

பொன்னுத்தாய்க்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. சீனி டப்பாவை எடுத்து வந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை போட்டாள். பாக்கியத்தம்மாளுக்கு இரண்டு தரம் போட்டாள். எதிர்வீட்டு ராஜகனி கூட்டத்துக்குள் புகுந்து வந்து, மாரீஸ்வரியின் கையைப் பிடித்து, “ஏட்டி, அந்தக் கெண்டிய வரஞ்சிட்டு எனக்குக் காட்டு, என்னா?” என்றாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தவிர ஒன்றுமில்லை. அதுவும் மாரீஸ்வரிக்கு எரிந்தது.

சரியாக அந்த நேரம் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.

வாரத்துக்கு ஒருமுறை வரும் தண்ணீர். குழாய் முதலில் இருமும், பிறகு காற்றை ஊதும், அந்தச் சத்தம் கேட்டதும் தண்ணித்தொட்டித் தெருவில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவன்கூட இறக்கி வைத்துவிட்டுக் குடத்தை எடுப்பான். கூட்டம் நொடியில் கரைந்தது. பொன்னுத்தாய் சீனி டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டு ஓடினாள், மாரீஸ்வரி பச்சைக் குடத்தோடு ஓடினாள், ராஜகனி கைக்குக் கிடைத்த அண்டாவோடு ஓடினாள். குடங்கள் இடித்துக்கொண்டன, வரிசை மாறியதற்குச் சண்டை வந்தது, ஒருத்தி தலைமுடியை ஒருத்தி பிடித்தாள், விட்டாள். அவ்வளவு நேரமும் மாரீஸ்வரியின் வாசலை யாரும் பார்க்கவில்லை.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பியபோது அவள் வாசல்படி துடைத்ததுபோல இருந்தது. உருளையும் கெண்டியும் பெல் மூடியும் சட்டியும் வளையமும் எதிர்வீட்டு வாசலில் நின்றன. அவள் வைத்த அதே இடைவெளியில், உருளை கொஞ்சம் முன்னால், கெண்டி தயங்கினாற்போல, பெல் மூடி படியில் சாய்ந்து.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பாக்கியத்தம்மாள் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

“வெளியூர்ச் சாமான்லா. வழி தெரிஞ்சிருக்காது. ஒங்க வீட்ல வந்து விலாசம் கேட்டிருக்கும், அம்புட்டுதான்.”

அதற்குப் பிறகுதான் தெரு சிரித்தது. பொன்னுத்தாய் ஜன்னலிலிருந்து சீனி டப்பாவை எடுத்து, மூடியை அழுத்தி மூடி, உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமலே வேனில் ஏறிவிட்டாள். எங்கே வாங்கினாய் என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட மாரீஸ்வரி தேறியிருப்பாள். அடுத்த வாரம் ராஜகனி ஒரு பழைய துணியோடும் ஒரு காலண்டர் அட்டையோடும் அவள் வீட்டுக்குள் வந்தாள்.

“ஏட்டி, ஒன் துணி வந்துச்சு.”

அது மாரீஸ்வரி தூரிகை துடைக்கும் துணி. கல்லூரியில் சேர்ந்த நாளில் அம்மாவின் பழைய சேலையிலிருந்து கிழித்தது. வரைந்து முடித்ததும் தூரிகையை அதில் துடைத்து ஜன்னல் கம்பியில் சொருகிவிடுவாள். அதை அவள் துவைத்ததில்லை, பார்த்ததில்லை. அது ஜன்னலில் இல்லை என்பதையும் கவனிக்கவில்லை. இப்போது ராஜகனி அட்டையைத் திருப்பினாள். அதில் அந்தத் துணி, கசங்கி, சொருகியபடியே இருந்தது. அவள் வரைந்த எல்லாக் கடல்களின் நீலமும் அதில் இருந்தது, அருவியின் வெள்ளை இருந்தது, விற்காத படங்களின் காவி இருந்தது, கோபத்தில் அழுத்தித் துடைத்த கறுப்பு இருந்தது. எதையும் யாருக்கும் காட்ட வேண்டும் என்று நினைக்காமல் அவள் கை வைத்த நிறங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒன்றை ஒன்று விலக்காமல் கிடந்தன. பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து குனிந்து பார்த்தாள்.

“யம்மா...” என்றாள். பிறகு, “இது நீ வரஞ்சதாட்டி?”

“இல்ல. கனி.”

“ஆனா இது ஒன் நீலம்லா. எனக்குத் தெரியாதா.”

மாரீஸ்வரி துணியை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“இனிமே எங்க வீட்டுப் பொருளத் தொடாத.”

“நானாட்டி கூப்பிட்டேன்? அதுவா வருது.”

“அதான்ட்டி எனக்கு எரியுது!”

ராஜகனி அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.

அதற்குப் பிறகு மாரீஸ்வரி வரையவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்த்தாள். காலையில் எது வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தாள். வந்ததைத் தேடி யார் வருகிறார்கள், அவர்களிடம் கனி என்ன சொல்லிச் சிரிக்கிறாள், அவர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தாள். ஆனால் ஆட்கள் வந்து போவது கொஞ்ச நேரம்தான், மற்ற நேரமெல்லாம் அவள் கண்முன்னால் இருந்தது சாத்திய கதவு. அவள் அந்தக் கதவை வெறுத்தாள். கோடை முழுக்க வெறுத்தாள், ஐப்பசி மழை வரைக்கும் வெறுத்தாள். அது மூன்று பலகைகளைச் சேர்த்த வேப்பங்கதவு என்று அவளுக்குத் தெரிந்தது. நடுப்பலகையின் அடியில் எண்ணெய் டின் தகரத்தை வைத்து அடித்திருப்பது தெரிந்தது. தகரத்தில் பாதி அழிந்த சூரியகாந்திப் பூ ஒன்று மேற்கு வெயில் பட்டால் மட்டும் பூப்பது தெரிந்தது. பச்சைப் பெயிண்ட் உரிந்த இடங்களில் அடியிலிருந்த நீலம் தெரிந்தது, நீலம் உரிந்த இடத்தில் மரத்தின் சாம்பல் நிறம் தெரிந்தது. எல்லாக் கைகளும் தள்ளித் தள்ளி ஒரு இடம் கறுத்து, எண்ணெய் வைத்த நெற்றிபோல மினுங்குவது தெரிந்தது. போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போன எண் மழையில் கரைந்து வழிந்தது, நாதாங்கி ஆடி ஆடி நிலையில் பிறைபோல ஒரு கீறல் விழுந்தது, ஈரத்தில் கதவு உப்பிக்கொண்டு கனி இடுப்பால் மோதித் திறக்க வேண்டியதானது, எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. அந்த வாசலுக்கு வந்த ஜனம் முழுக்கப் படியைப் பார்த்தது. கனியும் கதவைத் திறந்ததும் குனிந்து படியைத்தான் பார்த்தாள். கதவைப் பார்த்தவள் எதிர்வீட்டில் பொறாமையில் வெந்துகொண்டிருந்த ஒருத்திதான்.

கார்த்திகை பிறந்த ஒரு காலையில் பொன்னுத்தாய் கத்தினாள்.

“மாரி! ஏட்டி மாரி! எந்திரிச்சு வாட்டி!”

மாரீஸ்வரி வாசலுக்கு வந்தாள். அவள் வீட்டுச் சுவரில், வெளிப்பக்கம், கீலோடும் நாதாங்கியோடும், ஒரு மூலையில் பனி சொட்ட, ராஜகனி வீட்டுக் கதவு சாய்ந்து நின்றது.

எதிரே வாய் திறந்த வீடு. உள்ளே பாயில் படுத்திருந்த ராஜகனியின் அப்பா எழுந்து, தெரு முழுவதும் தன்னைப் பார்ப்பது தெரிந்து, பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, மறைய இடமில்லாமல் மறுபடி படுத்துப் போர்த்திக்கொண்டார். தெரு கூடியது. சீனி அண்ணாச்சி டீ ஆற்றுகிற டம்ளரோடு வந்துவிட்டார்.

“கதவே வந்துட்டே!”

“படிக்கு வந்ததெல்லாம் சில்லறைச் சாமான். இதுல்லா வரத்து.”

“விலாசம் கேக்க வந்திருக்குமோ?” என்று ஒருத்தி ஆரம்பிக்க, பாக்கியத்தம்மாள் அவளை முறைத்தாள். “சும்மா கெட. கதவுக்கு எதுக்குட்டி விலாசம்? எதிர்த்த வீட்டுக்கு வந்திருக்கு. தெரிஞ்சுதான் வந்திருக்கு.”

அப்போது ராஜகனி தலையை அள்ளி முடிந்துகொண்டே தெருவைக் கடந்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவள் மாரீஸ்வரியின் படிக்குக் கீழே நின்றாள். சண்டைக்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அவள் கேட்க வேண்டிய கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவள் வாசலில் அதை ஊரே கேட்டிருக்கிறது, ஆனால் அதைக் கேட்க அவளுக்குத்தான் தெரியவில்லை.

“மாரி, எங்க வீட்டுக் கதவு... இங்க வந்திருக்கா?”

பொன்னுத்தாய் கேட்டாள். தெரு கேட்டது.

“வந்திருக்கு” என்றாள் மாரீஸ்வரி. “வரஞ்சிட்டுத் தாரேன். சாயங்காலம் வா.”

“சாயங்காலம் வரைக்குமா? எங்க ஐயா...”

“அவசரப்பட்டா வராதுல்லா.”

ராஜகனி தன் கதவைப் பார்த்தாள். கை பட்டுக் கறுத்த இடத்தில் போய் அவள் கண் நின்றது, அங்கிருந்து தகரத்துச் சூரியகாந்திக்கு இறங்கியது, அங்கிருந்து உரிந்த நீலத்துக்கு ஏறியது. “நான் இதப் பாக்கவே இல்லயே” என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு மாரீஸ்வரியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை மாரீஸ்வரி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். தன் முகத்தில் அதைக் கண்ணாடியில் எத்தனையோ காலை பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பாவமாக இல்லை. இனித்தது. அம்மா உள்ளங்கையில் போட்ட சீனிபோல இனித்தது.

அன்றைக்கு முழுக்க அவள் வரைந்தாள். கதவு சுவரில் சாய்ந்திருந்தது, அவள் அதை அடிக்கடி பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எது எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரிந்தது. தூரிகையை அந்தப் பழைய துணியில் துடைத்தபோது, துடைத்த பச்சை எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் சீனி அண்ணாச்சியும் இன்னும் இரண்டு பேரும் கதவைத் தூக்கிக்கொண்டு போய் நிலையில் மாட்டினார்கள். படத்தைப் பார்த்த பாக்கியத்தம்மாள் அதிலுள்ள கதவைத் தட்டப் போய்க் கையை எடுத்துக்கொண்டாள். பொன்னுத்தாய் சீனி டப்பாவை எடுக்கவில்லை, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம், “கனி வீட்டுக் கதவா? ஆமா, இங்கதான் இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு அவள் உள்ளே வந்து சொன்னாள்:

“அந்தப் பிள்ள மாட்டுன கதவத் தெறந்து போட்டு உக்காந்திருக்காட்டி. மத்தியானத்துல இருந்து நம்ம வீட்டையே பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு சாமானையும் வரையல.”

மாரீஸ்வரி ஜன்னல் வழியே பார்த்தாள். ராஜகனி படியில் உட்கார்ந்து, முழங்காலில் தாடையை வைத்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணுக்கு எவ்வளவு பலம் உண்டு என்று மாரீஸ்வரிக்குத் தெரியும். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளையும் போட்டாள், எப்போதும் போடாத கீழ்த் தாழ்ப்பாளையும் குனிந்து போட்டாள். போட்ட கையை எடுக்கும்போதுதான் அந்தத் தாழ்ப்பாளின் குமிழில் ஒரு சின்ன யாளி முகம் இருப்பதைப் பார்த்தாள். துருவில் மூக்கு மட்டும் பளபளத்தது. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். இது எப்போதிருந்து இங்கே இருக்கிறது? கனி இதைப் பார்த்திருப்பாளோ?

அவசரம் பிடித்துக்கொண்டது. கனிக்கு முந்தி பார்த்துவிட வேண்டும். சுவரோரம் சாய்த்திருந்த முறத்தைப் பார்த்தாள், அதன் மூலையில் போட்ட சிவப்பு நூல் தையலைப் பார்த்தாள். தண்ணீர்ப் பானையின் கழுத்தில் கோடு கோடாக இறங்கியிருந்த உப்பைப் பார்த்தாள். அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துத் திருப்பி, அடியில் ஆணியால் கீறியிருந்த தன் பெயரைப் பார்த்தாள். விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மூலை மூலையாகப் போனாள். அடுப்படியில் பொன்னுத்தாய் சம்மணம் போட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தீக்குச்சி மருந்து ஏறிச் சிவந்த விரல் நுனிகள் கும்பாவின் விளிம்பில் இருந்தன. விளக்கு வெளிச்சம் அவள் கன்னத்து எலும்பில் பட்டு, காதில் தோடு இருந்த ஓட்டையில் குத்தியிருந்த வேப்பங்குச்சியில் நின்றது.

மாரீஸ்வரி விளக்கோடு அங்கேயே நின்றுவிட்டாள். அந்தக் குச்சியை அவள் இதுவரை பார்த்ததில்லை.

பொன்னுத்தாய் நிமிர்ந்தாள். “என்னட்டி அப்பிடிப் பாக்க?”

“ஒண்ணுமில்ல.” மாரீஸ்வரி அடுப்படி வாசலை மறித்தாற்போல உட்கார்ந்தாள். “நீ எங்கயும் போயிராத.”